கார் பார்க்கில் நான் கண்டது

தம்பி,

நீ தமிழை முள்ளு மீன் சாப்பிடுவது போல வாசிக்கிறவன். ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் போட்டு, தடவிப் பார்த்து, மெதுவாக இறக்குவாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னைக் கொண்டுபோய் விட்ட காலத்தில் அதைப் பார்க்க எனக்குக் கோபம் வரும். இப்போது அதுவே எனக்கு வசதியாகப் போய்விட்டது. டேனிஷில் எழுதினால் நீ ஒரே மூச்சில் வாசித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவாய். அதோடு, என் டேனிஷில் யோசிக்காமல் வருகிற சொல் ஒன்றே ஒன்றுதான். ‘நை’. இல்லை என்கிற அந்த ஒற்றைச் சொல் செய்துவிட்ட வேலையை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். ஆகவே தமிழில் எழுதுகிறேன். முள்ளுப் பார்த்து வாசி.

போன செவ்வாய்க்கிழமை, ஓகூஸ் நகரில், உன் விண்ணப்பத்தை விசாரிக்கிற அந்தக் கந்தோருக்கு வெளியே நிறுத்தியிருந்த என் காரிலிருந்து நீ இறங்கிப் போனாய். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெல்லச் சாத்தினாய். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நீ டிராம் தரிப்பிடத்தை நோக்கி நடந்து போவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த் திறப்பு என் கையில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை எங்கே போட்டுத் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் கார் ஓட்டுகிறவன் நான். ஏங்கிப்போய் அப்படியே இருந்தேன். வழியால் போன ஒரு டேனிஷ் மனுசி யன்னலில் தட்டி, உடம்புக்கு ஏதுமா, ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டாள். அவளுக்கும் ‘நை’ என்றேன். பார்த்தாயா, எவ்வளவு சுலபமாக வருகிறது.

நீ வாசித்து முடித்து, உனக்குச் சம்மதம் என்றால், இதை எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். உன் பெயர் போடமாட்டேன். நான் பிறகு சொல்லப்போகிற கலியாணக் கார் பார்க்கில் நின்றது நம்முடைய கார் மட்டுமில்லை, மற்ற அப்பாமாரும் வாசிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ டென்மார்க் ஆமியில் இருந்தாய். ஆப்கானிஸ்தானுக்குப் போய் வந்தாய். வந்த சில மாதத்தில், குடித்துவிட்டு முகாமின் லொறி ஒன்றை எடுத்துப் போய் வாசல் கேற்றில் மோதினாய். இழுத்து இறக்க வந்த சார்ஜன்டுக்குக் கை நீட்டினாய். ஒழுக்கக் கேடு என்று எழுதி உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு, அந்த எழுத்தை மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறாய். அது ஒழுக்கக் கேடு இல்லை, போருக்குப் போய் வந்ததால் பிடித்த ஒரு நோய், வருத்தம் என்று எழுதச் சொல்கிறாய். மோதியது நான் இல்லை என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் மோதினேன் என்பதையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறாய்.

நீ ஆமிக்குப் போகிறேன் என்று சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? ஹோர்சன்ஸ் வீட்டுக் குசினியில், அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நீ டேனிஷில் சொன்னாய், நான் தமிழில் கேட்டேன், நீ திரும்பவும் டேனிஷில் சொன்னாய். அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள். எங்களுக்கு ஆமி என்றால் அது ஒரு சொல் இல்லை. அது கேட்டவுடன் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துகிற ஒரு சத்தம். அதிலிருந்து தப்பி ஓடிவந்தவனுக்கு, இந்த நாட்டில் பிறந்து இந்தப் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளை வந்து, நானும் ஆமி என்று நின்றால், அவன் என்ன செய்வான்? நான் செய்ததைச் சொல்கிறேன். கேட்ட சனத்துக்கெல்லாம், மகன் அரசாங்க வேலையில் இருக்கிறான் என்று சொன்னேன். பொய் இல்லைத்தானே. அம்மா உன் சீருடைப் படத்தை வெளியே வைக்கவில்லை. ஆனால் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்து, சீலை எடுக்கிற சாட்டில் திறந்து திறந்து பார்த்தாள். மற்றவர்கள் காணாவிட்டால் சரி என்பது இந்த வீட்டில் சட்டம் மாதிரி. அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஹோர்சன்ஸிலிருந்து வருகிற வழியில் நீ எனக்கு ஒன்று சொன்னாய். அவர்கள் கேட்பதற்கு உள்ளதைச் சொல்லுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றாய். நான் தலையாட்டினேன். என் மனதில் இருந்தது வேறு. சாட்சி என்றால் நற்சான்று கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்காகக் கோட் போட்டு, சப்பாத்து மினுக்கி வந்திருந்தேன். என் மகன் நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, பெரியவர்களுக்கு மரியாதை தெரிந்த பிள்ளை என்று டேனிஷில் சொல்லப் பழகிக்கொண்டும் வந்தேன். அம்மா கண்ணாடிக்கு முன் என்னைக் கண்டு, கலியாணம் பேசப் போறியளோ என்று பகிடி பண்ணினாள். நல்ல வேளை, அதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

உன் விண்ணப்பத்தை விசாரிக்கிற அந்த அதிகாரி நல்ல மனுசி. கோப்பி வார்த்துத் தந்தாள். பிறகு உன்னிடம், அங்கே நடந்ததை உன் வாயால் சொல் என்று கேட்டாள். நீ சொன்னாய். நான் உனக்குப் பக்கத்தில், தோள் முட்டுகிற தூரத்தில் இருந்தேன். உன் டேனிஷில் முக்கால்வாசி எனக்கு விளங்கும், மீதி உன் முகத்தில் விளங்கும். அன்று முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது, கைகளைப் பார்த்தேன். ரோட்டை மறித்து நீ சென்றி நின்றாயாம். ஒரு கிழவர் சைக்கிளில் வெங்காய மூட்டை கட்டிக்கொண்டு வந்தாராம். ஆமி வண்டிகள் வரப்போகின்றன, ரோட்டால் போகமுடியாது, வயல் பாதையால் போ என்று கையைக் காட்டினாயாம். அவர் மாட்டேன் என்று நின்றார். நீ சத்தம் போட்டாய். அவர் இறங்கி, பாதை சேறாக இருந்தபடியால் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்தப் பாதையில் கண்ணிவெடி புதைத்திருந்தது. நீ இதை ஒரு பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாய். கடைசியில், அவர் என் அப்பாவைப் போல இருந்தார் என்றாய்.

தம்பி, வேறொருவருக்கும் விளங்காதது எனக்கு விளங்கியது. நீ சின்னவனாக இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் நான் சொல்லுகிற ஒரு கதை உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு சென்றியில் நான் சைக்கிளை விட்டுக் கெதியாக இறங்கவில்லை என்று, ஆமிக்காரன் என்னைச் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்ன கதை. அதை நான் பகிடியாகத்தான் சொல்லுவேன். கதிரையைத் தூக்கித் தோளில் வைத்து, குசினிக்கும் மேசைக்கும் இடையில் தள்ளாடி நடந்து காட்டுவேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இன்னொருக்கால் அப்பா, இன்னொருக்கால் என்பாய். அழுகிற கதையைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல் சிரிக்கிற கதையாக்கினேன். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, உலகத்தின் இன்னொரு மூலையில், துவக்கோடு சென்றியில் நின்று, ஒரு கிழவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறான். வந்து யாரிடம் சொல்லுவான்? என்னிடமா? என் வீட்டில் ஆமிக்காரன் என்றால் யார் என்று உனக்கு நான்தானே படிப்பித்தேன். இத்தனை வருடம் நீ ஏன் வாய் திறக்கவில்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு இடி விழுந்தது போல விளங்கியது. விளங்கின கையோடு அந்த அதிகாரி என் பக்கம் திரும்பினாள்.

அவள் கேட்டது சின்னக் கேள்வி. கேற்றில் மோதின நாளுக்கு முன், உன் மகன் குடித்து நீ கண்டாயா? நான் ‘நை’ என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு, இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று பொறுமையாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் நீ டொக்டரிடம் போகவில்லை, கூட வேலை செய்த பெடியளுக்கும் மறைத்துவிட்டாய். அங்கிருந்து வந்த பிறகு நீ மாறிப்போனதை, அந்த நாளுக்கு முன்னமே யாராவது கண்டிருந்தால் இதை வருத்தம் என்று பார்க்க வழி உண்டு. ஒருவரும் காணாவிட்டால் அது ஒருநாள் குடித்துப் போட்ட ஆட்டமாகத்தான் நிற்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டுத் திரும்பவும் கேட்டாள். குடும்ப விழாக்களில்கூட இல்லையா? நான் நிமிர்ந்து இருந்துகொண்டு, ‘நை, எங்கள் குடும்பத்தில் அப்படி இல்லை’ என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தாய். அந்நியப் பெண்ணுக்கு முன் அப்பாவைப் பொய்யன் ஆக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாய். மரியாதை தெரிந்த பிள்ளை என்று நான் சொல்லப் பழகிக்கொண்டு போனேனே, அதை நீ சொல்லாமலே காட்டினாய். அவள் எழுதினாள். உன்னுடைய விதி என் வாயிலிருந்து அவளுடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு காருக்குள் வந்து இருந்தோம். என்னோடு டேனிஷில் கதைக்கிற நீ, அன்று தமிழில் சொன்னாய்.

“அப்பா, மச்சாளின்ரை கலியாணத்தண்டு நீங்கள் என்னைக் கண்டனீங்கள். நான் கண்ணாடிக்குள்ளாலை உங்களைப் பாத்தனான். வந்து கதவைத் திறப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்.”

நீ காணவில்லை என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உனக்கு முதுகு காட்டி நடந்தது உனக்குத் தெரியாது, அது எனக்கு மட்டும் தெரிந்த விசயம் என்று நினைத்திருந்தேன்.

மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து அந்தக் கார் பார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், தெரியாதவர்கள் மாதிரி நடிப்பவர்களுக்கும் சேர்த்து. கலியாணம் என்றாலும் பெண் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்றாலும், மண்டபத்துக்குள் சோடாவும் வடையும்தான் இருக்கும். வெளியே கார் பார்க்கில், திறந்த டிக்கிகளைச் சுற்றி ஆண்கள் நிற்பார்கள். பெண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள், வந்தாலும் காணமாட்டார்கள். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. அப்பாமார் ஒரு மூலையில், மகன்மார் மறு மூலையில். அப்பா குடிப்பது மகனுக்குத் தெரியும், மகன் குடிப்பது அப்பாவுக்குத் தெரியும், ஆனால் ஒருவர் கையில் கிளாஸ் இருப்பதை மற்றவர் கண்ணால் காணக்கூடாது. மகன்மார் நிற்கிற பக்கம் போகவேண்டி வந்தால் அப்பா தூரத்திலேயே இருமிக் காட்டுவார். பெடியள் போத்தலை மறைக்க அது அவகாசம். நானும் எத்தனையோ தரம் இருமியிருக்கிறேன். இதை நாங்கள் மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். சொல்லும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது.

அந்தக் கலியாணத்தன்று நான் எங்கள் மூலையில் குணம் அண்ணையோடு நின்றேன். குணம் அண்ணை என்றால் என்னோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர், உன்னைத் தூக்கி வளர்த்தவர். அவருடைய டிக்கிதான் எப்போதும் எங்களுக்குக் கடை. ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மண்டபத்துக்குள் போனேன். அம்மா என்னைக் கூப்பிட்டு, குளிருது, காருக்குள் சால்வை இருக்கிற பையை மறந்துபோய் விட்டுவிட்டன், எடுத்துக்கொண்டு வாங்கோ என்று திறப்பைத் தந்தாள். எங்கள் காருக்குப் போகிற வழியில் உன்னுடைய பழைய கார் நின்றது. உள்ளே நீ இருந்தாய். தனியே. மற்றப் பெடியளோடு இல்லை, பாட்டு இல்லை, லைட் இல்லை. போத்தலை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாய். ஸ்டியரிங்கை மற்றக் கையால் பிடித்திருந்தாய், நின்ற காரை ஓட்டுகிறவன் போல. அப்படிக் குடிக்கிற ஒருவனை நான் அதற்கு முன் கண்டதில்லை. குணம் அண்ணையின் டிக்கியில் குடிக்கிறவர்கள் சிரிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், பழைய பாட்டுப் பாடுவார்கள். நீ மருந்து குடிப்பது போலக் குடித்தாய்.

இருமல் என் தொண்டை வரைக்கும் வந்தது. இருமினால் நீ வெட்கப்படுவாய் என்று அதையும் விழுங்கினேன். திரும்பி, மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின் வாசலால் உள்ளே போனேன். எங்கள் காருக்கு நான் போகவே இல்லை. அம்மாவிடம், பை காருக்குள் இல்லை என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாள். நான் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றின அப்பா என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமையும் இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இருந்தது. அதற்குப் பிறகு கன நாள் போகவில்லை, கேற்றில் மோதின செய்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, கால் நீட்டி இருந்தாள். நீ காருக்குள் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். உன்னைக் கண்டதையும் திரும்பிப் போனதையும் முதல் முதல் அவளுக்குச் சொன்னேன். அழுவாள் அல்லது ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. யாரோ தெரியாத ஒருவன் வீட்டுக்குள் வந்து சோபாவில் இருப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

“பை என்ரை கதிரைக்குக் கீழைதான் இருந்தது,” என்றாள். “தம்பி வெளியிலை போன விதம் எனக்குப் பிடிக்கேல்லை. நான் அங்கை போகேலாது, அவ்வளவு ஆம்பிளையள் நிக்கினம். அதுதான் உங்களை அனுப்பினனான்.”

அவள் பிறகு சொன்னதுதான் என்னை ஒரேயடியாக அடித்துப் போட்டது. காரில் இல்லாத பையை, காரில் இல்லை என்று நான் சொன்னபடியால், போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று அவள் நம்பிவிட்டாள். போனவன் உன்னைக் கண்டிருப்பான், கதைத்திருப்பான், அப்பாவும் மகனும் தங்களுக்குள் வைத்திருக்கிறார்கள், நான் ஏன் நடுவில் வாய் வைக்க வேண்டும் என்று இருந்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை! அவள் என்னை நம்பி உன்னிடம் கேட்கவில்லை. நீ நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உனக்கு வெட்கம் வரக்கூடாது என்று நடந்து போனேன். மூன்று பேரும் ஒரே மண்டபத்தில், ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதையாக இருந்திருக்கிறோம். என்ன குடும்பமடா நாங்கள்.

அன்று நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அம்மா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். உன் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, வரவேற்பறையில், உன் பட்டமளிப்புத் தொப்பிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த நாள் குணம் அண்ணை வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார். கன நேரம் பார்த்துவிட்டு, தம்பிக்கு இந்த உடுப்பு நல்ல எடுப்பு என்றார். அவருக்கு இவ்வளவு காலமும் தெரிந்தே இருந்திருக்கிறது. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை ஊருக்கு மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

புதன்கிழமை அந்த அதிகாரிக்கு ஃபோன் எடுத்தேன். சொல்ல வேண்டியதைக் கண்ணாடிக்கு முன் பழகவில்லை. செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பொய், என் மகனை நான் கண்டேன் என்று சொன்னேன். அவள், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள். கார் பார்க், டிக்கி, இருமல் எல்லாவற்றையும் என் டேனிஷில் அவளுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். பாவம், அவளுக்கு என்ன விளங்கியதோ. கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். அப்படியென்றால் அது உங்களுக்கு அன்பா? ஓம் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? திரும்பவும் நேரே வந்து சொல்லலாம், மகனும் இருக்க வேண்டும் என்று வருகிற வியாழக்கிழமைக்கு நேரம் தந்தாள். ஆனால் மறைக்காமல் இன்னொன்றும் சொன்னாள். முதலில் இல்லை என்று சொன்னதும் எழுத்தில் இருக்கும், அதை அழிக்க முடியாது, சொல்லை மாற்றின அப்பாவை மேலே இருப்பவர்கள் நம்புவார்களோ தெரியாது என்றாள். ஆகவே தம்பி, நான் போய்ச் சொன்னாலும் அவர்கள் உனக்கு இல்லை என்று சொல்லலாம். அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன். இதை உனக்கு முன்னமே சொல்லாமல் விட்டால், அது திரும்பவும் பின் வாசலால் போவதுதான்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை. இருந்தாலும் அப்பா என்ற பழக்கம் விடாது. உன் சைக்கிளுக்கு லைட் போடு. லைசன்ஸ் போனதிலிருந்து மழையிலும் இருட்டிலும் அதில்தான் வேலைக்குப் போகிறாய் என்று தெரியும். களஞ்சியத்தில் இரவு வேலை வேண்டாம் என்று கேட்டுப் பார், நித்திரை இல்லாதவனுக்கு இரவு வேலை கூடாது. குடியை விட்டு இவ்வளவு காலம் நிற்கிறாயே, அதை நான் ஒருநாளும் உன் முகத்துக்கு நேரே பாராட்டவில்லை. பாராட்டினால், முன்பு குடித்தாய் என்று நான் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். மடையன் நான். நீ பெரிய வேலை செய்திருக்கிறாய், தம்பி. சைக்கிள் தூக்கின அந்தக் கதையை உனக்கு ஒருக்கால் சிரிக்காமல் சொல்ல வேண்டும். ஆமிக்காரன் சிரித்தான், நான் அழுதேன், வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. அதுதான் உண்மையான கதை. உன்னுடைய கிழவரைப் பற்றியும் நான் உன்னிடம் கேட்க வேண்டும். அவரை நீ கொல்லவில்லை என்று சொல்லிச் சமாளிக்க மாட்டேன். அது உனக்கே தெரியும், தெரிந்தும் ஆறவில்லை என்றால் நான் சொல்லி ஆறாது. அவருடைய முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறேன், நீ சொல்லு.

வியாழக்கிழமை நான் சொல்லும்போது நீ நிலத்தைப் பார்க்காதே. அப்பா உனக்கு முன் உன் குடியைச் சொல்லுவார், தன் கையில் இருந்த கிளாஸையும் சொல்லுவார், கேட்க உனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அம்மாவும் வருகிறாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். தானும் கண்டதைச் சொல்லவேண்டுமாம். உன்னை மண்டபத்துக்கு வெளியே போக விட்டுவிட்டு, காலடியில் இருந்த பையைத் தேட ஆள் அனுப்பினதை அவள் தன் டேனிஷில் சொல்லப்போகிறாள். அவளுடைய டேனிஷ் என்னுடையதைவிடத் திறம், நீ பயப்படாதே.

செவ்வாய்க்கிழமை தொடக்கம் நான் எடுக்கிற ஃபோனுக்கு நீ பதில் சொல்லவில்லை. கோபமாக இரு, எனக்குக் குறையில்லை. வியாழக்கிழமை காலையில் வந்து உன் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்துவேன். நீ இறங்கி வராமல் உள்ளே இருந்தாலும், குடித்திருந்தாலும், அழுதுகொண்டிருந்தாலும், எப்படி இருந்தாலும் இரு. ஒன்றையும் மறைக்க வேண்டாம், ஏனென்றால் இந்த முறை நான் இருமமாட்டேன். நேரே வந்து கதவைத் திறப்பேன்.

அப்பா